தனிப்பட்ட காரியம்

என் அப்பா சாகும்வரை அவருக்கு என்ன வியாதி என்று எங்கள் சபையில் ஒருவருக்கும் தெரியாது. ஆம்பூரில் ஒரு டேனரியில், தோல்களைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைக்கும் வேலை அவருக்கு. ஞாயிறு ஆராதனையில் விண்ணப்ப நேரம் வந்தால் எழுந்து நிற்பார். "ஒரு தனிப்பட்ட காரியத்துக்காக ஜெபிச்சுக்குங்க" என்பார். உட்கார்ந்துவிடுவார். நாங்களும் கண்ணை மூடி ஜெபிப்போம். அந்தக் காரியம் அவர் நெஞ்சுக்குள் இருந்தது. இருமலில் ரத்தம் வந்ததை வீட்டில்கூடச் சொல்லவில்லை. கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

நான் அப்போது கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு. அம்மா ஷூ கம்பெனியில் பேஸ்டிங் செக்‌ஷன். நாள் முழுக்கப் பசை தடவும் வேலை. அந்த வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன், அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் அப்பா போன பிறகு அம்மாவும் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தாள். "ஒண்ணுமில்ல, பசை வாடை" என்பாள். எனக்கு ஒரு வேலை கிடைத்தால்தான் அவளை அந்த வாடையிலிருந்து வெளியே கொண்டுவர முடியும். என் ஜெபமெல்லாம் அது ஒன்றுதான்.

மூன்றாம் ஆண்டு வந்தது. கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிகள் எங்கள் துறையைத் திரும்பிப் பார்க்கவில்லை. செல்போனில் எத்தனையோ இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். கிணற்றில் கல் போட்ட மாதிரி இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் கூப்பிட்டார்கள். "இங்க யாரையாவது தெரியுமா?" என்று முதல் கேள்வி. இல்லை என்றேன். அத்தோடு முடிந்தது. கூடப் படித்தவர்களுக்கு மாமா இருந்தார், சித்தப்பா இருந்தார். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் விடிந்ததும் ஷூ கம்பெனி வேனில் ஏறுகிறவர்கள். அவர்களைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று எண்ணினேன். பரீட்சை முடிந்ததும் என்னையும் அந்த வேனில் ஏற்றிவிடச் சொல்லி, அம்மா தன் சூப்பர்வைசரிடம் பேசிவைத்துவிட்டாள்.

மனிதர்களிடம் கேட்பது விசுவாசக் குறைச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளபடி சொன்னால் அது விசுவாசம் இல்லை, வெட்கம். ஆகவே நானும் சபையில் எழுந்து நின்றேன். அப்பாவின் வார்த்தையே என் வாயில் வந்தது. "ஒரு தனிப்பட்ட காரியம்" என்றேன். மாதக்கணக்கில் அதையே சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அம்மாவோடு வேலை செய்யும் சாரா அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாய்க்குப் பூட்டே கிடையாது அவருக்கு. நான் சொல்லி முடித்ததும் கையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னாடி காரியம் அது? வியாதியா, கல்யாணமா? எதுக்குன்னு தெரியாம நான் எப்டி அழுவேன்?"

"கர்த்தருக்குத் தெரியும் அக்கா."

"அவருக்குத் தெரியும்டி. எங்களுக்கு யார் சொல்றது? உங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு. நாங்களும் ஆமென் சொல்லிட்டு வூட்டுக்குப் போய்ட்டோம். எங்க அண்ணன் ஆஸ்பத்திரிலதான் வேலை செய்றான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருப்பான்."

நான் உடைந்துபோனேன். அத்தனை பேர் முன்னாலும் அழுதுகொண்டே சொன்னேன். வேதியியல் படிக்கிறேன், லேப் வேலை வேண்டும், யாரையும் தெரியாது, அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

சாரா அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு, "எங்க பக்கத்து வூட்டு ஷாகிரா மேடம் ராணிப்பேட்டைல தண்ணி டெஸ்ட் பண்ற லேப்லதான் இருக்காங்க. இவ்ளோ நாளா சொல்றதுக்கு இன்னா பேஜாரு உனக்கு?" என்றார்.

மறுநாளே கூட்டிக்கொண்டு போனார். ஷாகிரா மேடம் டீ கொடுத்தார். "வேலைன்னு கேட்டா என் கையில ஒண்ணும் இல்லம்மா. லேப்புக்கு வந்து பாரு. நாங்க இன்னா பண்றோம்னு கேளு. அதுக்கு யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க" என்றார். போனேன். டேனரிக் கழிவுநீரில் குரோமியம் எவ்வளவு என்று பார்க்கிற முறையைக் காட்டினார்கள். என் கல்லூரி ப்ராஜெக்டுக்கு அதையே எடுத்துக்கொண்டேன். சந்தேகம் வந்தால் அவரிடம் கேட்டேன். அவர் இன்னொரு லேபுக்குப் போகச் சொன்னார், அங்கிருந்தவர் ஒரு கெமிக்கல் கம்பெனி மேனேஜரின் நம்பர் கொடுத்தார். அவரையும் போய்ப் பார்த்து, சாம்பிள் எடுப்பது பற்றிக் கேட்டேன். எல்லாரும் நன்றாகப் பேசினார்கள். எல்லாரும் இப்போது இடமில்லை என்றார்கள். ரயிலில் திரும்பும்போது, ஆண்டவரே எதற்காக இந்த அலைச்சல் என்று கசந்துகொண்டேன். பரீட்சை முடிந்தது. வேனில் எனக்கு இடம் போட்டாயிற்று.

வேன் ஏற வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை போன் வந்தது. அந்த மேனேஜர். "அன்னிக்கு வந்து சாம்பிள் எடுக்கறதப் பத்தி அவ்ளோ கேள்வி கேட்டியே, நீதானே? ஒருத்தர் போய்ட்டாரு. ஆள் வேணும். ஷாகிரா மேடத்தண்ட விசாரிச்சுட்டேன். வர்றியா?" என்றார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு முழங்காலில் விழுந்தேன். யாரையும் தெரியாது என்று அழுதவளைப் பற்றி எடுத்துச் சொல்ல, முன்பின் அறியாத ஒரு பெண்மணியை என் தேவன் வைத்திருந்தார். அதுவும் சாரா அக்கா வீட்டுப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

இப்போது அந்தக் கம்பெனி லேபில்தான் இருக்கிறேன். படிக்கிற பிள்ளைகள் கேட்டால் லேபைச் சுற்றிக் காட்டுகிறேன், எனக்குத் தெரிந்தவர்களிடம் அனுப்புகிறேன். முதல் சம்பளம் வந்ததும் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினேன். நான் எழுதும் இந்தச் சாட்சி இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம். ஆனால் வேலை நின்ற பிறகும் அம்மாவின் மூச்சிரைப்பு நிற்கவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்றாள்.

போன ஞாயிறு விண்ணப்ப நேரத்தில் அம்மா எழுந்தாள். "ஒரு தனிப்பட்ட..." என்று ஆரம்பித்தவள் என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்கு மூச்சு விட முடியல. இருமுனா ரத்தம் வருது. பொண்ணுக்குக்கூட சொல்லல" என்றாள்.

ஆமென் சொல்ல யாரும் காத்திருக்கவில்லை. சாரா அக்கா போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் அவர் அண்ணனைக் கூப்பிட்டார். ஆராதனை முடியும் முன்பே அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டோம்.

நான் இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் ரிசல்ட் வரவில்லை. ஆனால் இந்த முறை டாக்டர், நேரத்துக்கு வந்தீர்கள் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத் தேவனுக்குக் கோடி ஸ்தோத்திரம். பிரியமானவர்களே, உங்கள் காரியத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அதை அவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். என் அம்மாவின் பெயர் ரூத். நுரையீரலுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.