குட்டைத் துப்பாக்கியும் பறக்கும் தட்டும்: கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கல்குவாரிக் காலை

திருவண்ணாமலைக்கு எல்லாரும் மலை சுற்றப் போவார்கள். நான் இந்தப் பொங்கல் விடுமுறையில் தட்டு சுடப் போனேன். வீட்டில் இப்படித்தான் சொன்னேன். "எந்த எவர்சில்வர் கடையில?" என்று கேட்டாள் அம்மா. என்னுடைய பழைய சாதனைகள் அப்படி.

திருடும் சுடுதல் இல்லை, நிஜத் துப்பாக்கிச் சுடுதல்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு களிமண் தட்டு. ஒரு எந்திரம் அதை வானத்தில் வீசும், கீழே விழுவதற்குள் நாம் சுட்டு உடைக்க வேண்டும். பணக்கார விளையாட்டு, நீளநீளமான துப்பாக்கிகளோடு ஆடுவது. எங்கள் மாமா அதற்கு எடுத்துப்போனது, திருடன் வந்தால் வீட்டுக்குள் திருப்ப வசதியாக இருக்கட்டும் என்று வாங்கிய இருபது அங்குலக் குழல்கொண்ட பம்ப் துப்பாக்கியை. கிரிக்கெட் ஆடக் கரண்டியோடு போன மாதிரி.

சம்பத் மாமா என் அம்மாவின் தம்பி. திருவண்ணாமலையில் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். முன்பெல்லாம் கீழ்பென்னாத்தூர்ச் சந்தையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வாங்க மூட்டையாகப் பணம் கொண்டுபோவார். அதற்காக லைசென்ஸ் எடுத்து வாங்கியது அந்தத் துப்பாக்கி. இப்போது பணமெல்லாம் போனிலேயே போய்விடுகிறது. துப்பாக்கிக்கு வேலை போய்விட்டது. வருடத்தில் ஒருநாள் ஆயுத பூஜைக்கு வெளியே வரும். தேர்தல் வந்தால் விதிப்படி போலீஸ் ஸ்டேஷனில் போய்த் தங்கும். மாமாவைவிட அது அதிகம் வெளியூர்... சரி, வெளியிடம் பார்த்திருக்கிறது.

கஸ்தூரி அத்தைக்கு அது வீட்டில் இருப்பதே பிடிக்காது. லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம் நெருங்கியதும், ஒப்படைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். மாமாவோ, போன வருடம் நண்பர் ஒருவரோடு இந்தத் தட்டு சுடும் இடத்தைப் போய்ப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறார். கடைசியில் ஒரு ஒப்பந்தம். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு. அதில் மூன்று உடைத்தால் துப்பாக்கி வீட்டில் இருக்கும், இல்லையென்றால் போகும். நடுவர் அத்தையே. சாட்சிக்கு நான்.

வேலூரிலிருந்து காலை ஐந்தரை மணி பஸ். போளூர் வழி, எண்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய். ஜன்னல் ஓரம் இலவசம், ஆனால் ஜன்னல் மூடாது. போளூர் தாண்டியதும் மலை தெரிந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார், நானும் போட்டுக்கொண்டேன். மூன்று தட்டு மாமாவுக்கு விழட்டும் என்று ஒரு கோரிக்கையும் வைத்தேன்.

பஸ் நிலையத்துக்கு மாமா காரோடு வந்திருந்தார். பின் சீட்டில் அத்தை, மடியில் இட்லி டப்பா, கையில் வறுத்த மல்லாட்டைப் பை. துப்பாக்கி குண்டில்லாமல் பெட்டியில் பூட்டப்பட்டு டிக்கியில். தோட்டா தனிப் பெட்டியில். லைசென்ஸ் புத்தகம் மாமாவின் சட்டைப் பையில். வழியில் யார் நிறுத்தினாலும் காட்ட வேண்டும்.

செஞ்சி சாலையில் கீழ்பென்னாத்தூர் சுமார் இருபது கிலோமீட்டர். அதற்குக் கொஞ்சம் முன்னால் இடதுபக்கம் மண்பாதையில் திரும்பினால் ஒரு பழைய கல்குவாரி. மூன்று பக்கமும் பாறைச் சுவர், அதனால் குண்டு எங்கும் போகாது. ஒரு தகரக் கொட்டகை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சிவப்புக் கொடி. கொடி ஏறினால்தான் சுடலாம். நாங்கள் போனபோது இறங்கியிருந்தது, ஏனென்றால் நடுவில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மேய்த்த அம்மாவுக்கு ஒலிம்பிக்கே வந்தாலும் அவசரமில்லை. இருபது நிமிடம் காத்திருந்தோம். இட்லி அங்கேயே காலி.

பயிற்சியாளர் பாஷா பாய் திருவண்ணாமலைக்காரர். மாமாவின் துப்பாக்கியை வாங்கி, குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, எங்கேயும் அடைப்பு இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் பேசவே தொடங்கினார். குழலின் முனையில் குறிபார்க்க இருக்கும் குமிழைப் பார்த்து, "பீடு புதுசா மாட்டினீங்களாண்ணே? செவப்பா, நல்லா தெரியுதே," என்றார். மாமாவுக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று புரியவில்லை. புரியாததை ஒப்புக்கொள்ளும் வழக்கமும் இல்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.

குட்டைக் குழலில் தட்டு சுட முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் குணம் வேறு என்றார். குழல் குட்டை என்பதால் சட்டென்று திரும்பும், சட்டென்று நின்றும்விடும். நிறுத்தாமல் தட்டோடு ஓட்டிக்கொண்டே சுட வேண்டும். முனை இறுக்கமில்லாத குழல் என்பதால் தோட்டாவிலிருந்து சிதறும் ஈய ரவை சீக்கிரம் பரவிவிடும். தட்டு தூரம் போகும் முன்பே அடித்துவிட வேண்டும். திருடனுக்கு வாங்கிய பெரிய ரவைத் தோட்டா இதற்கு ஆகாது. பொடி ரவை, கம்மி மருந்து உள்ள தோட்டாதான். சத்தம் மட்டும் ஜாஸ்தி.

எனக்குப் பதினேழு வயது. அதனால் வீட்டாரின் எழுத்துச் சம்மதமும் பக்கத்திலேயே பயிற்சியாளரும் வேண்டும். இரண்டும் இருந்ததால் முதல் ஐந்து தோட்டா எனக்கு, ஒப்பந்தக் கணக்கில் சேராமல். தட்டு வேண்டுமென்றால் "புல்" என்று, இழு என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையைக் கத்த வேண்டுமாம். கத்தினேன். குவாரிக்கு வெளியே போய்விட்ட ஆடுகள் திரும்பிப் பார்த்த மாதிரி எனக்கு ஒரு எண்ணம். ஐந்தும் தப்பு. தோள் மட்டும் சரியாக வாங்கியது. "இந்தப் பொண்ணு தட்டுக்கு வழிவிட்டு சுடுது," என்றார் மாமா. அவர் முறை வரட்டும் என்று உட்கார்ந்தேன்.

வந்தது. முதல் தட்டு தப்பு. அத்தை பையிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து நாற்காலிக் கையில் வைத்தார். அடுத்ததும் தப்பு, அடுத்த மல்லாட்டை. தப்புக்கு ஒன்று என்று வரிசை நீண்டது. அத்தை அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் நான் மாமாவின் தப்புகளைத் தின்றுகொண்டிருந்தேன். மாமாவுக்கு என்னால் முடிந்த உதவி அவ்வளவுதான்.

பாஷா பாய் நிற்கும் விதத்தை மாற்றினார், துப்பாக்கியின் பின்கட்டையைக் கன்னத்தில் ஒட்ட வைத்தார், எந்திரத்துக்கு அருகில் வரச்சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. இருபது தோட்டா தீர்ந்தது. மீதி ஐந்து.

அப்போதுதான் அவர் ஒன்றைக் கவனித்தார். மாமாவும் சரி, நானும் சரி, எல்லாச் சூடும் தட்டுக்குக் கீழேதான் போயிருக்கிறது. துப்பாக்கியை வாங்கிக் காலிசெய்து, பின்பக்கம் திறந்திருப்பதைக் காட்டிவிட்டு, முனையை உற்றுப் பார்த்தார். விரலால் தொட்டார். விரல் சிவந்தது.

"அண்ணே, இந்த பீடு எந்த கம்பெனி?"

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை நாற்காலியிலிருந்தே சொன்னார்: "அது பீடு இல்ல பாய். பொட்டு."

ஆயுத பூஜைக்கு ஆயுதத்தின் தலையில் பொட்டு வைக்க வேண்டும் என்று அத்தைக்குக் கணக்கு. துப்பாக்கிக்குத் தலை எது? முனைதான். அங்கே வசதியாக ஒரு குமிழும் இருந்தது. வருடா வருடம் அதன்மேல் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். துடைக்கும்போதெல்லாம் மாமா பூஜைப் பொட்டு என்று அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்திருக்கிறார். இப்படியே ஏறி ஏறி அது கொண்டைக்கடலை அளவுக்குக் கல்லாகி நிற்கிறது. குமிழ் உயர்ந்தால் குழல் தாழும். குழல் குட்டையாக இருந்தால் தவறு இன்னும் பெரிதாகும். தட்டு இருக்கும் தூரத்தில் ஒரு சாணுக்கு மேல் கீழே போகிறது என்றார் பாஷா பாய். சிரிக்காமல் சொன்னார். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

சுரண்டினால் முடிந்தது. யார் சுரண்டுவது? மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பாஷா பாயும், "ஒங்க பூஜ சமாச்சாரம், நான் கை வெக்கக் கூடாதுங்க," என்று துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டார். மிச்சம் இருந்தது அத்தை. அவர் சுரண்டினால் மாமா ஜெயித்தாலும் ஜெயிக்கலாம். சும்மா இருந்தால் துப்பாக்கி போய்விடும். எல்லாருக்கும் தெரிந்தது, அத்தைக்கும்.

"ஏங்க, நெஜமா சொல்லுங்க," என்றார். "இத வெச்சி இன்னா பண்ணப் போறீங்க? திருடன் வரப்போறானா?"

மாமா வழக்கமாக இதற்கு நாட்டு நடப்பு பற்றி நீளமாகப் பேசுவார். அன்று பேசவில்லை. "திருடன் எங்க வரப்போறான் கஸ்தூரி. முன்ன சந்தைக்காவது போவேன். இப்ப மில்லு, வூடு, மில்லு. இங்க நின்னா மேல ஒரு தட்டு போவுது, அத மட்டும் பாக்குறேன். அவ்ளோதான்."

அத்தை தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினார். மேசைக்குப் போய், துப்பாக்கி காலிதானே என்று பாஷா பாயிடம் இரண்டு முறை கேட்டு, பொட்டைப் பெயர்த்தெடுத்தார். தூள் கீழே விழாமல் இட்லி கட்டிவந்த காகிதத்தில் மடித்துக்கொண்டார். அடியில் கடுகு மாதிரி ஒரு பித்தளைக் குமிழ் பளபளவென்று இருந்தது. மாமாவே அதை இப்போதுதான் பார்க்கிறார்.

ஐந்து தோட்டா, மூன்று தட்டு. முதலாவது தப்பு, பழைய பழக்கத்தில் இந்த முறை மேலே போய்விட்டது. இரண்டாவது கரும்புகையாகச் சிதறியது. மாமா சுட்டதை மறந்து எங்களைத் திரும்பிப் பார்த்தார். துப்பாக்கியும் அவரோடு திரும்பப் பார்த்தது. பாஷா பாய் குழலைப் பிடித்து முன்பக்கமே நிறுத்தி ஒரு அதட்டல் போட்டார். அதட்டல் நியாயம். இன்னும் இரண்டு தப்பினால் கதை முடிந்தது. மூன்றாவது உடைந்தது. நான்காவது தப்பியது.

கடைசித் தட்டு. மாமா சுட்டார். தட்டு முழுசாகப் பறந்துபோவது தெரிந்தது. மாமா தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கினார். ஆனால் தட்டின் ஓரத்திலிருந்து நகத்தளவு ஒரு துண்டு தனியாகப் பிரிந்து விழுந்ததை நாங்கள் எல்லாருமே பார்த்தோம். துண்டு தெரிந்தால் விதிப்படி உடைந்ததுதான் என்றார் பாஷா பாய். ஆனால் நடுவர் அவரில்லை.

அத்தை எழுந்து, புடவையிலிருந்த மல்லாட்டைத் தோலைத் தட்டிவிட்டார்.

"ஒடஞ்ச அப்பளமும் அப்பளந்தான். எடுத்து வெய்ங்க, போலாம்."

இனி போக நினைப்பவர்களுக்கு. பௌர்ணமியன்று போகாதீர்கள், சாலையில் வண்டி நகராது, நீங்களும் மலையைத்தான் சுற்ற வேண்டியிருக்கும். ஒரு சுற்றுக்கு இடக் கட்டணமும் தட்டும் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆனது, தோட்டா தனி. வீட்டுக் காவலுக்கு வாங்கிய குட்டைத் துப்பாக்கியே தொடங்கப் போதும், நீளக் குழல் இல்லையே என்று ஏங்க வேண்டாம். கிட்டே நின்று சீக்கிரம் சுடுங்கள். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சந்தோஷம் வந்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புங்கள். கிளம்பும் முன் குமிழைப் பாருங்கள். அது சிவப்பாக இருந்தால், கடையில் வாங்கியதா வீட்டில் வைத்ததா என்று விசாரித்துவிடுங்கள்.

லைசென்ஸ் புதுப்பிக்கக் கொடுத்தாயிற்றாம். பொட்டுக்குப் புது இடம் கட்டையின் அடிப்பக்கம், அத்தையே குறித்துக் கொடுத்துவிட்டார். போன வாரம் மாமா போன் செய்தார். அத்தை வீட்டில் பொட்டு வைத்த பொருளையெல்லாம் ஒரு சுற்று சரிபார்த்தாராம். மாமா மூன்று முறை பேட்டரி மாற்றியும் வேலை செய்யாத டிவி ரிமோட்டின் நெற்றியிலும் ஒன்று இருந்ததாம். ஹேர்பின்னால் சுரண்டியதும் டிவி ஓடியது.