வெள்ளை வந்தால் ரயில்

நாங்கள் குடியிருந்த லயத்துக்கு அடியில் ஈயம் இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்ததால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் அந்தப் பக்கம் போனவர் யாரும் இல்லை.

காஜாங்கிலிருந்து கோலாலம்பூர் போகும் வழியில், ஒரு ரப்பர்த் தோட்டத்தின் தாழ்வான மூலையில், கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள்தான் எங்கள் லயம். மேட்டில் பால்மரங்கள், பள்ளத்தில் சீனர்களின் ஈயச் சுரங்கம். பெரிய குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிச் சரிவைக் கரைத்து, அந்தச் சேற்றை நீளமான மரத்தொட்டியில் ஓடவிடுவார்கள். மண் அடித்துக்கொண்டு போய்விடும், கறுப்பாக ஈயமணல் தங்கிவிடும். கரைத்துக் கரைத்து அந்தப் பள்ளம் எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது. இயந்திரம் ஓடும்போதெல்லாம் எங்கள் சட்டிமூடி தானாக ஆடும். அம்மா அதன்மேல் குழவிக்கல்லைத் தூக்கி வைத்தாள். கல்லும் சேர்ந்து ஆடியது. கோழி அடைகாக்க மறுத்தது. என்றைக்காவது ஒருநாள் தண்ணீர்க் குழாய் எங்கள் அடுப்படிக்குள் வந்து தலைநீட்டும் என்று நான் பாயில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தோட்டத்துத் துரை அந்த மூலையைச் சுரங்க முதலாளியான சீனத் தவுக்கேக்கு விற்றுவிட்டார். லயத்தைப் பிரிக்கப்போகிறார்கள், அவரவர் வழியை அவரவர் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லாரும் மூட்டை கட்டினார்கள், அவிழ்த்தார்கள், மறுபடி கட்டினார்கள். ஒருவரும் நிம்மதியாக உட்கார்ந்து சோறு தின்னவில்லை.

எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. அப்பாவின் அண்ணன் காப்பாரில் ஒரு தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். தம்பி குடும்பம் தன்னோடு வந்துவிடவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். அம்மாவின் தம்பி கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்கு எஞ்சின் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே கரி அள்ளிப்போட ஆள் எடுக்கிறார்கள் என்று அவரும் சொல்லியனுப்பியிருந்தார். ரயில்வே வீடுகளுக்குப் பக்கத்திலேயே பாதிரிமார் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அம்மாவுக்கு அதன்மேல்தான் கண். காப்பாருக்குப் போனால் கொஞ்ச நாளில் என் கையிலும் பால்வாளிதான் என்று அவளுக்குத் தெரியும்.

அப்பா ரயிலைப் பற்றிப் பேசவே விடமாட்டார். "எஞ்சின் புகையில வெந்து சாகச் சொல்றியா? அண்ணன் வாயால சொல்லியாச்சு, அப்புறம் என்ன பேச்சு?" என்று பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கிற மாதிரி கத்துவார். அந்தப்பக்கம் இருந்தவர்கள் பெரியப்பாவின் ஆட்கள், இங்கே பேசுவது காப்பாருக்குப் போய்விடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில், எனக்குக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு தண்டவாளத்துக்குக் கூட்டிப்போவார். ஈயமும் ரப்பரும் ஏற்றிய பெட்டிகள் போகும். எனக்குச் சலித்துப்போகும். கடைசிப் பெட்டி மறைந்த பிறகும் அப்பா அசையமாட்டார்.

பெரியப்பா எங்களை அழைத்துப்போக வந்தே விட்டார். அப்பாவைக் கையைப் பிடித்துக் கப்பலேற்றி இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். அவர் எதிரில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காப்பாரில் கடல் இருக்கிறது, நண்டு பிடிக்கலாம் என்று அவர் சொன்னதும் நான் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

அம்மா மூட்டையைத் தூக்கவிடவில்லை.

"என்னடா தம்பி, உன் வீட்டுக்காரி புள்ளைய ஆபீஸ் கிராணியாக்கப் போறாளாம்ல?" என்றார் பெரியப்பா.

அம்மா அவரோடு நேரில் பேசும் வழக்கமில்லை. சட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "ஆனா என்னவாம்? எழுதுன கை ஒடிஞ்சா போயிரும்?"

பெரியப்பா முகம் மாறியது. வெளியே இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அப்பா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "ஆத்தாகிட்ட பூ கேட்டுருவோம்ணே. அவ சொன்னா சரிதான?" என்றார். மாரியம்மன் பெயரைச் சொன்ன பிறகு பெரியப்பாவால் மறுக்க முடியவில்லை.

வெள்ளை வந்தால் ரயில், சிவப்பு வந்தால் காப்பார் என்று பேச்சு. மரத்தடிக் கோயிலுக்குப் பின்னால் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் பூத்திருந்தன. அப்பா ஒருவராகவே அங்கே போனார். வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டுவந்து அம்மன் காலடியில் வைத்தார். சின்னப் பிள்ளைதான் எடுக்கவேண்டும் என்று என்னைத் தள்ளினார்கள். அம்மாவின் கை என் தோளில் சில்லென்று இருந்தது. சிவப்பு, சிவப்பு என்று நண்டை நினைத்துக்கொண்டே ஒன்றை எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தேன்.

நந்தியாவட்டை.

பெரியப்பா வெகுநேரம் அதையே பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு, துண்டு நுனியில் முடிந்துகொண்டார். "ஆத்தாளே சொன்னப்புறம் நான் யாருடா" என்று அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பா அழுதார். காப்பார் போகமுடியாத துக்கம் என்று நினைத்து நானும் அழுதேன்.

எல்லாரும் நகர்ந்ததும், என் கைக்குத் தப்பிய அந்தச் சிவப்புப் பூவையாவது பார்த்துவிடலாம் என்று மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை. நிமிர்ந்தால் அப்பா நிற்கிறார்.

"மூடு. ஆத்தாகிட்ட ரெண்டாந்தடவை கேக்கப்படாது."

சொல்லிவிட்டுப் பூவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டுபோய், அம்மாவிடம் நீட்டினார். அம்மா பூவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தலையில் வைத்துக்கொண்டாள்.

ரயிலில் அம்மாவின் காதில் சொன்னேன், ஆத்தா சிவப்பையும் வெள்ளையாக்கிவிட்டாள் என்று. "ஆமாடா, அவ சக்தி அப்படி" என்று சொல்லி அம்மா சிரித்தாள். அந்த மாதத்திலேயே அவள் சிரித்தது அப்போதுதான். அப்பா தலையை வெளியே நீட்டி எஞ்சினைப் பார்த்துக்கொண்டு வந்தார், புகை முகத்தில் அடிக்க அடிக்க.

அந்த அற்புதத்தைப் பாதிரிமார் பள்ளிக்கூடத்திலும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். பொட்டலம் கட்டிக்கொண்டுவந்தவர் அப்பாதான் என்பதை நான் கண்ணாலேயே பார்த்திருந்தேன். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தெரிவதற்குள் நான் பல வகுப்புகள் தாண்டியிருந்தேன்.