டாக்டர் செத்த பக்கம்

தெருவில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், தொண்டையும் அப்படி. ஓய்வு பெற்ற கையோடு வீட்டில் புது வேலை வந்து சேர்ந்தது. மனைவி பள்ளிச் சீருடை தைப்பாள்; இவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, போனில் துப்பறியும் நாவல் வாசித்துக் காட்ட வேண்டும். கொலைகாரன் யாரென்று முன்கூட்டியே ஊகிப்பதில் அவளுக்கு அலாதி இன்பம். "சமையல்காரன்தான், எழுதி வச்சுக்கோங்க!" என்பாள், மெஷினை மிதித்தபடியே.

வந்தது வினை. கண் மங்குகிறதென்று இவர் எழுத்தைப் பெரிதாக்கினார். பக்கத்துக்கு ஐந்தே வரி நின்றது; இருநூறு பக்க நாவல் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மூச்சு விடுவதற்குள் பக்கம் தள்ள வேண்டும். ஸ்டியரிங் பிடித்த கட்டைவிரலுக்கு மெல்லத் தொடத் தெரியுமா? ஒரு தேய்ப்பு தேய்த்தார். திரையின் கீழே, பக்கம் தாவுவதற்கென்று இருந்த கோட்டில் விரல் பட்டு, புத்தகம் கடைசிக்கே தாவிவிட்டது. மனிதர் அதைக் கவனிக்காமல் முழுத் தொண்டையில் வாசித்தார்: "டாக்டரின் கையில் விலங்கு மாட்டப்பட்டது."

மெஷின் நின்றது.

"அடப்பாவி மனுஷா, நம்ம கதை டாக்டர்தான் கொலைகாரன்னு முடிவைப் படிச்சுட்டீங்களே!" அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "இனிமே எனக்குக் கதையும் வேணாம், ஒண்ணும் வேணாம்." ஸ்டூல் அடுப்படிக்குப் போனது.

அங்கே உட்கார்ந்து போனை உற்றுப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே வேறு நாவலின் பெயர் இருந்தது! முடிவுக்கும் பின்னால் விளம்பரத்துக்காக ஒட்டியிருந்த பக்கம் அது. ஓடினார். "அது வேற கதைடி, வேற டாக்டர்! நீயே பாரு!"

"மாட்டேன். காட்டுறேன்னு சொல்லி மிச்ச முடிவையும் காட்டிருவீங்க. உங்க விரல் லட்சணம் எனக்குத் தெரியாதா? சமாதானம் பண்ண இப்படி ஒரு புளுகு வேற!"

அவள் பேசாத வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விட்ட இடத்துக்குத் திரும்பலாமென்றால் வழி தெரியவில்லை. பக்க எண்ணெல்லாம் மாறிக் கிடந்தது. பின்னாலிருந்து வந்தால் கொலைகாரன் தெரிந்துவிடுவான். அவளை விட்டுவிட்டுத் தான் மட்டும் தெரிந்துகொள்ள அவருக்கு மனசு வரவில்லை. அட்டையிலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, அடுப்படியிலிருந்தே சுவருக்கு வாசிக்கத் தொடங்கினார். அவளும் வேண்டுமென்றே மெஷினைக் கடகடவென்று மிதித்தாள். ஹாரனா அசருவார்?

மறுநாள் மத்தியானம் வாசித்தார்: "கதவை உடைத்துப் பார்த்தால், உள்ளே டாக்டர் பிணமாகக் கிடந்தார்."

கடகடப்பு சட்டென்று நின்றது.

"டாக்டரே செத்துட்டானா?" ஓடியே வந்துவிட்டாள். ஒரு மனிதன் செத்ததற்குப் பல்லெல்லாம் தெரிய இப்படியா சிரிப்பது! "அப்போ விலங்கு மாட்டினது நெஜமாவே வேற டாக்டருக்கா? நான் சொல்லல, சமையல்காரன்தான்!"

"எனக்கென்ன தெரியும்? பக்கத்தைத் தள்ளினாத்தானே!"

"அய்யோ, இருங்க இருங்க!" ஸ்டூலை அவளே மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். ஊசி குத்தாமலிருக்கத் தன் விரலில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றி, அவருடைய கட்டைவிரலில் செருகினாள். அது பட்டால் போனில் பக்கம் நகராது.

"இனிமே சுண்டுவிரலால தள்ளுங்க," என்றாள். "ம், வாசிங்க."