என் கட்டுரையில் எங்கே தப்பு?

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். போன வருட வகுப்பில் பாதிப் பேர் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். மற்றவர்கள் மணிப்பூர், நாகாலாந்து, தான்சானியாவிலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பற்றி எழுதச் சொன்னேன். வந்த கட்டுரைகள் எல்லாம் ஒரே கட்டுரைதான்: இயற்கையைக் காப்பது நம் கடமை. மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் நானே ஒன்று எழுதிப் போனேன். சதுப்புநில ஓரத்து வீடுகளை அகற்ற வேண்டும் என்பது என் வாதம். ஆளுக்கொரு நகல் கொடுத்து, "இதில் எங்கே தப்பு என்று எழுதுங்கள்" என்றேன்.

யாரும் பேனாவைத் தொடவில்லை. தான்சானியா மாணவன் எழுந்து ஆங்கிலத்தில் சொன்னான்: "எங்கள் ஊரில் ஆசிரியரிடம் தப்பு கண்டுபிடித்தால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள், மேம்."

"எங்க வீட்லயும் அதேதான் மேம்," என்றாள் பள்ளிக்கரணையிலிருந்து வரும் பெண்.

நான் விடுவதாக இல்லை. 'மிக அருமையான கட்டுரை' என்று தொடங்கிய பதில்களை எல்லாம் இரண்டு வாரம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். துறைத்தலைவர் கூப்பிட்டு, "போர்ஷன் எப்போ முடிப்பீங்க?" என்றார். முடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, வகுப்புக்குப் போய் மறுபடியும் அதையே செய்தேன்.

மூன்றாவது வாரம் அந்த இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை கொடுத்தார்கள். அவன் அவள் வீட்டுக்கே போய் அவளுடைய அப்பாவிடம் பேசியிருந்தான். பத்திரம் பதிந்து, கரண்ட் கனெக்‌ஷன் வாங்கிச் சதுப்புநில ஓரத்தில் கட்டிய வீடு அது. அனுமதி கொடுத்தவர்களை விட்டுவிட்டுக் குடியிருப்பவர்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்றது கட்டுரை. கடைசி வரியில், சேலையூரில் ஆசிரியை குடியிருக்கும் அடுக்ககம் முன்பு என்னவாக இருந்தது என்று ஒரு கேள்வி.

ஏரி. மழைக்காலத்தில் கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். எனக்குத் தெரியாததில்லை, எழுதும்போது நினைக்கவில்லை.

வகுப்பில் உரக்கப் படித்தேன். முகம் சுட்டது.

"கோபமா மேம்?" என்றாள் அவள்.

"இல்லம்மா. ஆனா ரெண்டாவது பத்தியில ஆதாரம் பத்தல."

இரண்டாவது பத்தி அவன் எழுதியது போலிருக்கிறது. நான் தமிழில் என்ன சொன்னேன் என்று அவளிடம் கேட்டுக்கொண்டு எழுந்தான். உட்காரப் போனவன் மறுபடி நிமிர்ந்து, "ஆதாரம் போதும், மேம்," என்றான். தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, அந்தப் பத்தியில் விரலை வைத்து ஏன் போதும் என்று விளக்கத் தொடங்கினான்.