தேராவில் ஆடிப்பட்டம்

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மொட்டை மாடிக்கு ஏறிய நெய்னா முகம்மது தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவே இல்லை. அதற்கு முன்னால் விரித்திருந்த பழைய வேட்டியைத்தான் பார்த்தார். நாலு மூலைக்கும் கல். நடுவே, நுனி கீறி, உப்பும் தயிரும் ஏறி வெளுத்துப்போன குண்டு மிளகாய். தொட்டியின் நிழலில் வரிசையாக நெய் டின்கள். டின்னுக்கு டின் மிளகாய்ச் செடி.

டின் அவருடையது. மண் அவருடையது. கீழக்கரையிலிருந்து துணியில் முடிந்து கொண்டுவந்த விதையும் அவருடையது.

"எவன் மிளகாயை எவ காயப்போட்டிருக்கா!"

கோபம் நியாயமானதுதான். லாஞ்சுப் படகில் குடல் வெளியே வர வாந்தி எடுத்துக்கொண்டே வந்து இறங்கி, வளைகுடாக் கரைத் தேராவில் அடுத்தவன் மூட்டையைச் சுமந்து, இன்றைக்குச் சொந்தமாக மளிகைக்கடை வைத்திருக்கிற மனுஷன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் புளியை மோந்து பார்த்தே அது புதுசா, போன வருஷத்ததா என்று சொல்லிவிடுவார். அவர் வீட்டுச் சாமான் அறைபோல இன்னொன்றை அந்தத் தெருவில் காட்டட்டும் பார்க்கலாம்! உப்புக்கண்டம், மாசிக் கருவாடு, வடகம், உப்பில் ஊறிய நார்த்தங்காய். துறைமுகத்தில் இடமில்லாமல் கப்பல்கள் கடலிலேயே காத்துக் கிடந்த காலத்தில் ஊரே பருப்புக்கு அலைந்தது. நெய்னா வீட்டு அடுப்பு ஒரு வேளையும் அணையவில்லை.

அப்பேர்ப்பட்டவர் முன்னால்தான் எதிர்க்கடை கௌஸ் முகம்மது டப்பா ஊறுகாயை அடுக்கிவைத்து, "காக்கா, இனிமே யாரு மாடியில காயவச்சுக்கிட்டு இருப்பா? பொண்டுகளுக்கு இதுதான் சுளுவு" என்றான்.

டப்பாவா! பத்துப் பேர் நிற்கையிலேயே நெய்னா சொல்லிவிட்டார்: "எஞ்செடியில காய்ச்ச மிளகாயை மோர்மிளகாயாக்கித் தின்னாத்தான் நான் நெய்னா. அதுவரைக்கும் ஊறுகாய், வத்தல் ஒண்ணும் எங்கையால தொடமாட்டேன்."

ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அல் ஐன் தோட்டத்து மண்ணை மூட்டை மூட்டையாக ஏற்றிவந்து, ஆடி பிறந்ததும் விதைத்தார். முளைத்தது. நாலு இலை விட்டது. அப்புறம் தேரா வெயில் ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான். அப்பளம் மாதிரிப் பொரிந்துபோனது.

"நெய்னா காக்கா, அறுவடைக்கு ஆள் வேணுமா?" என்றான் கௌஸ் முகம்மது. தெருவே சிரித்தது. டின்களை எட்டி உதைத்துவிட்டுக் கீழே இறங்கியவர் இன்றைக்குத்தான் மறுபடி படியேறினார். இப்போது மார்கழி.

"பாய், மிதிச்சிடாதீங்க!" துணி வாளியோடு ஓடிவந்தாள் சுசீலா. மேல்வீட்டு பேங்க் சேதுராமனின் பெண்சாதி, கும்பகோணத்துக்காரி.

"எஞ்சொத்தை நானே மிதிப்பேனா? யாரைக் கேட்டும்மா எடுத்தீங்க?"

"நீங்க உதைச்சுத் தள்ளினதைத்தான் எடுத்தேன். அடித்தண்டுல துளி உயிர் இருந்தது. நிழல்ல வச்சு அரிசி களைஞ்ச தண்ணி ஊத்தினேன். ஐப்பசி பொறந்து காத்து குளுந்ததும் துளிர் விட்டுது."

"மண்ணு என்னுது!"

"தண்ணி யாரோடது?"

"தயிரு என்னுது" என்று படியிலிருந்து ஒரு குரல். கிண்ணத்தோடு நின்றது யார்? அவருடைய சொந்தப் பெண்சாதி ரஹீமா பீவி.

"நீயுமா!"

"ஆமா. வெறுஞ்சோத்தைப் பாத்து நீங்க உறுமுறீக. அதைத் தினமும் நான்ல கேட்டுக்கிட்டு இருக்கேன்."

சுசீலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அத்தனையும் எடுத்துக்கோங்க பாய். ஒண்ணே ஒண்ணு. ஆடியில விதைச்சது தப்புன்னு கௌஸ் பாய் கடை வாசல்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"தப்பா? நானா?" தொட்டியைப் பார்க்காமலே கீழே இறங்கிவிட்டார்.

அன்று மதியம் தட்டில் தயிர்ச்சோறு மட்டும். மேல்வீட்டிலிருந்து மோர்மிளகாய் பொரிகிற வாசனை ஜன்னல் வழியே வந்து மூக்கில் ஏறியது. அநியாயம்! தன் மிளகாய் அடுத்த வீட்டு எண்ணெயில் பொரிய, தான் சோற்றை வெறுமனே விழுங்குவதா? வாய் ஊறியதே, அதுதான் பெரிய அவமானம். கையைக் கழுவினார். நேரே தெருவைக் கடந்தார்.

"வாங்க காக்கா. டப்பா ஒண்ணு தரட்டுமா?"

"உன் டப்பாவைக் கொண்டுபோய்க் கடல்ல போடு! எல்லாரும் கேட்டுக்குங்க. நான் ஆடியில விதைச்சேன். எரிஞ்சுபோச்சு."

எதிர் மாடியில் இரண்டு பெண்களும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

"அதுக்காக ஆடி தப்பில்ல. பெரியவங்க சொன்னதும் தப்பில்ல. இந்த ஊருதான் ஆடியைத் தூக்கி ஐப்பசியில வச்சிருக்கு! வந்து எறங்குன மனுசனுக்கு எவனாச்சும் அதைச் சொன்னானா? நீ சொன்னியா? சிரிக்க மட்டும் தெரிஞ்சுச்சுல்ல?"

கௌஸ் முகம்மது டப்பாக்களை மறுபடி அடுக்க ஆரம்பித்தான். பதில் மேலேயிருந்துதான் வந்தது.

"பாதித் தப்பை ஒத்துக்கிட்டீங்க பாய். பாதி மிளகாய் உங்களுக்கு!"

"பாதியா? மண்ணு முழுசும் என்னுதும்மா!" தெருவில் நின்று அண்ணாந்து கத்தினார். கத்திக்கொண்டேதான் வீட்டுக்குள் போனார்.

ரஹீமா பீவி பொரித்துவைத்த முதல் மிளகாயை அங்கே உட்கார்ந்து தின்னவில்லை. கையில் எடுத்துக்கொண்டு மறுபடி தெருவுக்கு வந்து, கௌஸ் முகம்மதுவின் காதில் விழுகிற மாதிரி நறுக்கென்று கடித்தார்.

"உப்பு தூக்கல்" என்றார் கண்ணீர் வழிய. "கும்பகோணத்துக் கை."