இரண்டு ஜாடிக் கஷாயம்

எங்கள் வீட்டில் ஒரு தலைவலிகூட ஆதாரமில்லாமல் தீரக் கூடாது. அத்தா, என் அப்பா, அப்படி. அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில், சீன வைத்தியத்து வேர்களை அரைத்து, அவற்றில் எந்தச் சத்து வேலை செய்கிறது என்று எலிகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி. வந்தால் துப்பட்டாவை நெற்றியில் இறுக்கிக் கட்டி, திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவார். அத்தாவோடு வேலை பார்த்த சீன ஆன்ட்டி பாவப்பட்டு, ஒரு ஜாடி கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்தார். வேறு வீடாயிருந்தால் குடித்திருப்பார்கள். அத்தாவோ அதே நிறத்தில், அதே கசப்பில், மருந்தே இல்லாத இன்னொரு ஜாடியும் காய்ச்சித் தரச் சொன்னார். ஒரு நாள் அது, ஒரு நாள் இது. எது எந்த நாள் என்று குடிக்கிற அம்மாவுக்கும் தெரியக் கூடாது, வலியை நோட்டில் குறிக்கிற அத்தாவுக்கும் தெரியக் கூடாது. ஒரு மாதம்.

"தலை என்னோடது. அதுல ரிசர்ச் பண்ண இவர யாரு கூப்பிட்டா?" என்றார் அம்மா என்னிடம்.

ஊற்றிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. சிவப்பு மூடி மருந்து, நீல மூடி போலி, தேதிவாரியாக ஆன்ட்டி எனக்கு மட்டும் எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு. ஸ்கூல் பஸ் வராவிட்டால் என்ன செய்வது, வந்துவிட்டால் என்ன செய்வது என்று இரண்டுக்கும் கவலைப்படுகிற பிள்ளையிடம் போய் இதைக் கொடுத்தார், பாருங்கள்.

முதல் நீல நாளே அம்மா துப்பட்டாவைக் கட்டிவிட்டார். நான்தானே ஊற்றினேன்? தினமும் சிவப்பையே கொடுத்தால் சீக்கிரம் தீர்ந்து மாட்டிக்கொள்வேன். அம்மா தொழப் போன நேரம் பார்த்து, இரண்டு ஜாடியையும் பெரிய பாத்திரத்தில் கொட்டிக் கலக்கி, சமமாகத் திரும்ப ஊற்றி மூடிவைத்தேன். ஆன்ட்டி வாராவாரம் புதிதாகக் காய்ச்சித் தந்தார். நானும் வாராவாரம் கலக்கினேன்.

மாதம் முடிந்ததும் அத்தா சீட்டையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மருந்து நாளுக்கும் போலி நாளுக்கும் கடுகளவு வித்தியாசம் இல்லை.

"முன்னைக்கு இப்பத் தேவலைங்க," என்றார் அம்மா.

"அது மருந்து இல்ல, உன் மனசு."

இரண்டு ஜாடியும் சிங்க்கில் போயின. ஃபிளிப் போனில் ஆன்ட்டிக்கு அரை மணி நேரம் விளக்கம் வேறு. நான் கலக்கியதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நான் நல்லதல்லவா செய்திருந்தேன்? பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான்; எனக்கு அந்தக் கணக்கு பிடிபட எத்தனையோ வருஷம் ஆயிற்று.

மறு வாரம் அம்மா மறுபடி துப்பட்டா கட்டிப் படுத்தார். "ஆன்ட்டிகிட்ட இன்னொரு ஜாடி கேட்டுப் பாக்கலாமாடி?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தா அவ்வளவு சொல்லியும் புரியவில்லையே.

"அது வேலை செய்யாதும்மா. டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சுல்ல," என்று சொல்லிவிட்டு, வெளிச்சம் படாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.