சுண்ணாம்புக்கு அடியில் ஒரு வரி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில்தான் நான் உலக வரலாறு முழுவதையும் படித்தேன். மஞ்சக்குப்பத்தில் ஏறினால் புதுச்சத்திரம் வருவதற்குள் பாபிலோன் முடிந்துவிடும். பி.முட்லூரில் ரோம் விழும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது சோழர்கள் வந்திருப்பார்கள். பழங்கால, இடைக்கால வரலாற்றில் எம்.ஏ. படிக்கிறேன் என்றால் பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். "ஏம்மா, வேற எதுவும் கெடைக்கலியா?" என்று ஒரு அம்மா நேராகவே கேட்டார். "கெடைச்சிது. எனக்கு இதான் புடிச்சிது" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

அந்த வாய்தான் என்னை மாட்டிவிட்டது. கடைசி செமஸ்டரில் ஒவ்வொருவரும் ஒரு கல்வெட்டை எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுத வேண்டும். எல்லாரும் ஏற்கெனவே அச்சில் வந்த கல்வெட்டுகளையே எடுத்துக்கொண்டார்கள். என் முறை வந்தபோது, "நான் இதுவரைக்கும் யாருமே படிக்காத கல்ல படிச்சிக் காட்டுறேன் மேடம்" என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டேன். பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "நல்லது. ஆனா கல் கெடைக்கலன்னு கடைசி நேரத்துல வந்து நிக்காத. ஆய்வேடு இல்லாம டிகிரி இல்ல" என்றார்.

சும்மா வீம்புக்குச் சொன்னதல்ல அது. மங்கலம்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வழியில் ஒரு சின்னச் சிவன் கோயிலைப் பார்த்திருந்தேன். கருவறையின் வெளிச்சுவரில், அடிப்பகுதி முழுக்க, கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஓரிடத்தில் பெயர்ந்திருந்த காரைக்கு அடியில் எழுத்து தெரிந்தது. சோழர் காலத்து எழுத்து, சந்தேகமே இல்லை. துறையில் இருந்த பட்டியல்களைப் புரட்டினேன். அந்த ஊர்ப் பெயரே எதிலும் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் கேன்டீனில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

லால்பேட்டையிலிருந்து வரும் என் தோழியைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதில் எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் தாளை இறக்கி, மேலே மைப்பந்தால் ஒற்றி எடுக்க வேண்டும். தாள் கறுப்பாகும், எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். அவள் கைக்குத் தாள் கிழியவே கிழியாது. எனக்கோ பொறுமை கிடையாது, படிக்கத்தான் வரும்.

பிரஷ்ஷை வெளியே எடுத்ததுமே ஊர் கூடிவிட்டது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஊர்த் தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"யாரு அது? கல்லத் தொடாத."

"நாங்க காலேஜ் பொண்ணுங்க. படிச்சிட்டுப் போயிடுவோங்க" என்றேன்.

"அதான் வேணாங்கறேன். படிக்கக் கூடாது."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "கல்லுல எழுதுனதே படிக்கறதுக்குத்தான?" என்றேன். தோழி என் கையைக் கிள்ளினாள். அதற்குள் கூட்டத்திலிருந்து, கையெல்லாம் சேறாக அப்படியே வயலிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா முன்னால் வந்தார்.

"ஒனக்கு என்னா பாப்பா, படிச்சிட்டுப் பூடுவ. எங்கயோ ஒரு ஊர்ல இப்பிடித்தான் கல்ல படிச்சி, நெலமெல்லாம் சாமி நெலம்னு சொல்லி, உழுதவங்கள வெளிய போ வெளிய போன்னாங்களாம். எங்க யாருக்கும் பட்டா கெடையாது. இந்த நெலத்த வுட்டா எங்க போவோம்?"

அப்போதுதான் எனக்கு அந்தச் சுண்ணாம்பு புரிந்தது. கோயிலை அழகாக்க அடித்ததல்ல அது. வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால், எழுத்து வெளியே தெரியாமல் இருக்க, ஊரே சேர்ந்து அடித்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்கு ஒரு டிகிரி, அவர்களுக்குக் குடியிருப்பும் சோறும். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, அதுல என்னா எழுதியிருக்குன்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததுக்கா இத்தன வருஷம் பயந்துகிட்டு இருக்கீங்க? நான் யாருக்கும் முன்னாடி ஒங்களுக்குத்தான் படிப்பேன். இங்கயே, சத்தமா, ஒரு எழுத்த மறைக்காம."

தலைவர் அந்த அக்காவைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார். "சரி. எங்களுக்குப் பாதகமா இருந்தா தாளு இங்கயே இருக்கும். நீங்க வெறுங்கையோட பஸ் ஏறணும். சம்மதமா?" என்றார்.

"சம்மதம்" என்றேன். "யா அல்லாஹ், ஆய்வேடு போச்சுடி" என்று தோழி முணுமுணுத்தாள்.

சுண்ணாம்பைச் சுரண்டியே பாதிப் பகல் போனது. ஏடு ஏடாக உரிந்து வந்தது. முதலில் எட்டி நின்ற பெண்கள் பிறகு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற ஆரம்பித்தார்கள். அடேங்கப்பா, உள்ளே எழுத்து எவ்வளவு சுத்தமாக இருந்தது! வெயிலும் மழையும் அதைத் தொடவேயில்லை. தோழி தாளை ஒட்டித் தட்டி, மை ஒற்றி, காய்ந்த பிறகு ஒரு கிழிசல் இல்லாமல் உரித்து எடுத்தாள். தாளை மண்டபத் தரையில் விரித்தோம். சுற்றிலும் ஊர் உட்கார்ந்தது. நான் முட்டிபோட்டு உட்கார்ந்தேன்.

முதல் வரியிலிருந்து விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். ராஜாவின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி, ராஜா பெயர், ஊர்ப் பெயர். ஊர்ப் பெயரைப் படித்ததும் பின்னால், "அட, நம்ம ஊருடா!" என்று ஒருவர் கத்தினார். அப்புறம் எல்லைகள்: கிழக்கே ஏரி, தெற்கே வாய்க்கால். "அந்த வாய்க்கால்தான் நம்ம வாய்க்கால்" என்று முணுமுணுப்பு பரவியது. அடுத்த வரியைக் கண்ணால் பார்த்தேன். இந்த எல்லைக்குள் இருக்கும் நிலம் முழுவதும் இந்தச் சாமிக்கு என்று எழுதியிருந்தது. அவர்கள் எதற்குப் பயந்தார்களோ அதேதான்.

தோழியும் அதைப் படித்துவிட்டாள். "எழுத்து அழிஞ்சிருக்குன்னு சொல்லிடுடி" என்று என் காதில் சொன்னாள். சொல்லியிருக்கலாம். அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். தாளும் என் கைக்கு வந்திருக்கும், டிகிரியும் வந்திருக்கும். ஆனால் ஒரு எழுத்தை மறைக்கமாட்டேன் என்று அந்த அக்காவுக்கு முன்னால் நின்று சொல்லியிருந்தேனே. படித்தேன். சத்தமாகவே படித்தேன்.

ஐயோ, அப்போது எழுந்த கூச்சல்! "சொன்னேன்ல? சொன்னேன்ல?" என்று அந்த அக்கா வாயில் அடித்துக்கொண்டார். தலைவர் குனிந்து தாளின் ஓரத்தைப் பிடித்தார். நான் இரண்டு கையாலும் தாளை அமுக்கிக்கொண்டேன்.

"இன்னும் முடியலண்ணே! ரெண்டு வரி இருக்கு. பாதியில நிறுத்துனா பாதிதான் தெரியும். முழுசா கேட்டுட்டுக் கிழிங்க!"

என் குரல் கீச்சென்று வந்தது. அவர் கையை எடுக்கவில்லை, ஆனால் இழுக்கவும் இல்லை. நான் மூச்சு விடாமல் அடுத்த வரிக்குப் போனேன். போனவள் நின்றுவிட்டேன். வகுப்பில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்த சொல் அது. ஐந்து மார்க் கேள்வி. நிஜமான கல்லில், நிஜமான மனிதர்கள் நடுவில், வெள்ளை எழுத்தாக என் முன்னால் கிடந்தது.

"குடிநீங்காத் தேவதானமாகக் குடுத்தோம்."

"அப்பிடின்னா?" என்றார் தலைவர்.

"நெலம் சாமிக்குத்தான். ஆனா அதுல ஏற்கெனவே உழுதுகிட்டு இருக்கற குடிகள வெளியேத்தக் கூடாது. அவுங்க அங்கயே இருக்கணும். சூரியனும் சந்திரனும் இருக்கற வரைக்கும்."

அந்த அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்க இருக்கு? வெரல வச்சிக் காட்டு" என்றார். காட்டினேன். அவரும் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். எங்களைக் காப்பாற்றும் வரியையா இத்தனை வருஷம் நாங்களே மூடினோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தலைவர் மட்டும் சுவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், கூடவே எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"இது கோர்ட்டுல செல்லுமா பாப்பா?" என்று அவரே கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுண்ணே. பொய் சொல்ல மாட்டேன். ஆனா எழுதியிருக்கறது நெசம். என் ஆய்வேட்டுலயும் இதயேதான் எழுதப் போறேன்."

"எழுது. நல்லா பெருசா எழுது. எங்களுக்கும் ஒரு தாள் எடுத்துக் குடுத்துட்டுப் போ" என்றார். தோழி முனகிக்கொண்டே மறுபடி மைப்பந்தை எடுத்தாள். மார்க் கதை பிறகு வந்தது, நல்லபடியாகவே வந்தது. பின் பெஞ்சுக்காரர்களே கை தட்டினார்கள். ஆனால் என் வெற்றி எது என்று கேட்டால் நான் அந்த மண்டபத்தைத்தான் சொல்வேன்.

அன்றைக்கு அங்கேயே அந்த அக்கா, சேறு காய்ந்த கையாலேயே போனை எடுத்துத் திருப்பூரில் வேலை பார்க்கும் புருஷனைக் கூப்பிட்டார். "யோவ்! நம்மள வெரட்டக் கூடாதாம்யா! கல்லுல எழுதியிருக்காம்! ... நானா சொல்றேன்? இரு, படிச்ச பொண்ணுகிட்டயே குடுக்கறேன்." போன் என் காதுக்கு வந்தது. அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் சத்தம். விஷயத்தை அவரிடம் சொன்னேன். "ஒரு நிமிஷம் இரும்மா. நம்ம ஊரு ஆளுங்க இங்க நாலு பேரு இருக்கோம். ஸ்பீக்கர்ல போடறேன், மெல்லமா படி" என்றார்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊர்ப் பெயரிலிருந்து ஆரம்பித்து, அவர்களுக்கு அந்தக் கல்லைப் படித்தேன்.